வள்ளத்துக்கு எது: சந்தாச் செயலியா, கையடக்க ஜிபிஎஸ்ஸா, பிஷ் பைண்டரா?

போன பெப்ரவரியில் ஒருநாள் இரவு பத்தரை மணிக்கு அக்காவின் மகன் வீடியோவில் வந்தான். அங்கே நண்பகல். ரொறன்ரோவுக்கு வடக்கே உள்ள சிம்கோ ஏரியில் நிற்கிறான். கரையில் என்று நினைக்கவேண்டாம், உறைந்த ஏரியின் மேலேயே நிற்கிறான். கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை, ஆங்காங்கே சின்னச் சின்னக் கூடாரங்கள். “மாமா, இப்ப நான் பதினாலு மீற்றர் கோட்டில நிக்கிறன், பாருங்கோ” என்று மற்றப் போனைத் தூக்கிக் காட்டினான். திரை முழுக்க ஆழக் கோடுகள், நடுவில் அவன் நிற்கும் புள்ளி. பிறகு கட்டியைத் துளைத்து, ஈயம் கட்டிய நூலை இறக்கி அளந்தான். பதினாலுக்கு ஒரு சாண்தான் குறைவு.

எனக்கும் ஆசை வந்துவிட்டது. அதே வகைச் சந்தாச் செயலி ஒன்றை அவனைக் கொண்டே காசு கட்டுவித்து என் போனில் இறக்கினேன். ஞாயிற்றுக்கிழமை யாழ்ப்பாணத்துப் பாசையூரில் தொழில் இல்லை. பூசை முடிந்தபின் தம்பியின் வள்ளத்தில் சும்மா ஒரு சுற்றுப் போனோம். மண்டைதீவுப் பக்கம் திரும்புகிற இடத்தில் திரை இரண்டு மீற்றருக்கு மேல் தண்ணீர் என்றது. இஞ்சின் சேறு கக்கியது. தம்பி கம்பை ஊன்றிப் பார்த்தான்: முழங்காலுக்குச் சற்று மேல். “அண்ணை, உந்தப் படத்தை மடிச்சு வையுங்கோ” என்றான்.

நான் யாழ்ப்பாணம் நகரில் போன் திருத்துகிறவன். கடலோரக் குடும்பத்தில் பிறந்து கடலுக்குப் போகாத ஒருவன் என்று வீட்டில் சொல்வார்கள். குருநகர், நாவாந்துறை, காரைநகர், மயிலிட்டி என்று எல்லாப் பக்கத்து வள்ளக்காரரும் உப்புத் தண்ணீர் குடித்த போனோடு என் மேசைக்கு வருவார்கள். போனைக் கொடுத்துவிட்டு அவர்கள் கேட்கிற கேள்வி அநேகமாக ஒன்றுதான்: “எந்த அப்பை இறக்கினால் நல்லம்? இல்லாட்டி ஜிபிஎஸ் ஒண்டு வாங்கவோ?” 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குத் தாவிய பிறகு இந்தக் கேள்வி கூடிவிட்டது. வலை விட்ட இடத்தைத் தேடி அரை மணி நேரம் சுற்றினால் அந்த நாள் உழைப்பு இஞ்சினுக்குள்ளேயே எரிந்துபோகும். ஆளாளுக்குச் சொல்லிக் களைத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

கோட்டை யார் அளந்தது?

காசு கட்டுவதற்கு முன் கேட்கவேண்டிய முதற் கேள்வி இது. செயலியின் அழகு, கோட்டின் நெருக்கம், வண்ணம் எல்லாம் பிறகு.

நவியோனிக்ஸ், சி-மாப் இரண்டும் இந்த ஆழப்படச் செயலிகளில் பெரிய பெயர்கள். நவியோனிக்ஸை 2017இல் கார்மின் வாங்கிக்கொண்டது. இவற்றின் ஆழப்படத்தில் இரண்டு அடுக்கு உண்டு. ஒன்று, அரசுகளின் நீரளவைத் துறைகள் அளந்து வெளியிட்ட கடல்வரைபடத்தில் இருந்து எடுத்தது. மற்றது, படகுக்காரர் தங்கள் சோனர் (ஒலி அனுப்பி ஆழம் அளக்கும் கருவி) பதிவுகளை அனுப்ப, அவற்றைச் சேர்த்துக் கொம்பனி வரைவது. நவியோனிக்ஸ் அதற்கு சோனார்சார்ட் என்று பெயர் வைத்திருக்கிறது, சி-மாப்பில் அது ஜெனிசிஸ். மருமகன் பனிக்கட்டியில் நின்று காட்டிய நெருக்கமான கோடுகள் இந்த இரண்டாவது அடுக்கு.

சிம்கோ ஏரி எழுநூறு சதுர கிலோமீற்றருக்கு மேல் பரப்புள்ளது. அதன் ஆகக் கூடிய ஆழம் 41 மீற்றர் அளவில், கெம்பென்வெல்ற் குடாவில். கோடைகாலம் முழுக்க அதில் படகுகள் ஓடுகின்றன, கணிசமானவற்றில் சோனர் பூட்டியிருக்கிறது. அவை போகிற வழியெல்லாம் அளந்துகொண்டே போகின்றன. ஏரியின் அடித்தளமும் அவ்வளவு இலகுவில் இடம் மாறுவதில்லை. ஓகஸ்டில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் படகில் அளந்த கோட்டின் மேல் பெப்ரவரியில் நம்முடைய பிள்ளை கதிரை போட்டு உட்காருகிறான். பனிக்கட்டியில் இன்னொரு வசதி, நிற்கிற இடத்தில் நிற்கலாம். காற்று இழுக்காது, நீரோட்டம் தள்ளாது. ஐந்து மீற்றர் பிசகினால் ஐந்து மீற்றர் நடந்து இன்னொரு துளை போட்டால் சரி.

நம்முடைய பக்கத்தில் யார் அளந்தது? பாக்குக் கடலின் பழைய ஆழ எண்களில் பெரும்பகுதி, கப்பல் போக்குவரத்துக்காக ஈயக்குண்டு கட்டிய கயிறு இறக்கி அளந்த காலத்து மரபில் வந்தவை. கப்பல் போகாத பரவைக்கடலுக்குள், அதாவது கரையோரத்து ஆழமில்லாத கடல்நீரேரிக்குள், அளக்க யாருக்கும் தேவை இருக்கவில்லை. நம்முடைய 18 அடி வள்ளங்களில் சோனர் இல்லை, ஆகவே அனுப்பப் பதிவும் இல்லை. நாலு எண்ணுக்கு நடுவில் கணினி ஊகித்து இழுத்த கோடும், நாலாயிரம் பதிவைச் சேர்த்து இழுத்த கோடும் திரையில் ஒரே நீலத்தில்தான் தெரியும். சந்தாவோ இரண்டுக்கும் ஒன்றுதான்.

பரவைக்கடலில் பிழை பொறுக்காது என்பதும் சேர்ந்துகொள்கிறது. பதினாலு மீற்றரில் அரை மீற்றர் தவறினால் மீனுக்கும் தெரியாது. ஒரு மீற்றரில் அரை மீற்றர் தவறினால் இஞ்சின் கால் உடையும். இங்கே கடலின் ஏற்ற இறக்கம் ஒரு மீற்றருக்கும் குறைவுதான், ஆனால் நாலு நாள் தென்மேற்குச் சோளகக் காற்று ஒரே பிடியாகப் பிடித்தால் தண்ணீர் ஒரு பக்கம் ஒதுங்கும். மாரி வெள்ளம் வந்தால் மணல் இடம் மாறும். வரைபடத்து எண் ஆகக் குறைந்த நீர்மட்டத்தை வைத்துப் போட்டது. அது ஒரு நாளின் உண்மையைச் சொல்லாது.

செயலியை இலவசமாகப் பார்க்கக் கிடைக்கிற நாட்களில் ஒரு சோதனை செய்யுங்கள். உங்களுக்கு உள்ளங்கை போலத் தெரிந்த பத்து இடத்தில் கம்பு ஊன்றுங்கள், ஆழமென்றால் கயிறு விடுங்கள், எத்தனை பாகம் என்று எண்ணுங்கள். ஒரு பாகம் 1.83 மீற்றர். பத்தில் ஏழு ஒத்துவந்தால் காசு கட்டலாம். தம்பியோடு போனபோது பரவைக்கடலுக்குள் எனக்கு இரண்டுதான் ஒத்துவந்தது. பருத்தித்துறைக்கு வெளியே, கப்பல் போகிற பக்கம், நிலைமை இதைவிடப் பரவாயில்லை என்று அங்கே தொழில் செய்கிற வாடிக்கையாளர் ஒருவர் சொன்னார்.

இந்தச் செயலிகளில் பலர் பார்க்காமல் விடும் பயனுள்ள விடயம் ஒன்று உண்டு. அடிப்படைக் கடல்வரைபடத்தில் ஆழ எண்ணுக்குப் பக்கத்தில் ஆங்கில எழுத்து ஒன்றிரண்டு இருக்கும். எம் என்றால் சேறு, எஸ் மணல், சிஓ முருகைக்கல், டபிள்யூடி சாதாளை (கடலடிப் புல்பூண்டு). ஆழம் மாறினாலும் அடித்தளத்தின் தன்மை அவ்வளவு கெதியில் மாறாது. கல்லில் நிற்கிற கலவாய்க்கும், சேற்றில் புதைகிற நண்டுக்கும், சாதாளை மேய்கிற ஓராவுக்கும் இடம் தேடுகிறவருக்கு அந்த ஒற்றை எழுத்து ஆழக் கோட்டைவிடப் பெறுமதி.

காசில்லாத படம்

கூகிள் மாப்பில் ஆழம் இல்லை. ஆனால் பரவைக்கடல் போன்ற தெளிந்த ஆழமில்லாத தண்ணீருக்குச் சற்றலைற் படம் கிட்டத்தட்ட ஆழப்படம் மாதிரி. பண்ணைப் பாலத்துக்கு இரு பக்கமும் பெரிதாக்கிப் பாருங்கள். கரும்பச்சைத் திட்டு சாதாளை, வெளிறிய திட்டு மணல், நடுவில் பாம்பு மாதிரி வளைந்துபோகிற இருண்ட கோடு வள்ளம் ஓடுகிற வாய்க்கால். தம்பி இருபது வருடம் ஓடிய வழியைப் படத்தில் முதன்முதலாகப் பார்த்தபோது சிரித்துக்கொண்டே விரலால் தடவிக்கொண்டு போனான். ஒரு இடத்தில் மட்டும் “இது எனக்குத் தெரியாதே” என்று நின்றான். அடுத்த கிழமை அந்த வழியால் போய்வந்தான்.

குறை இரண்டு. கூகிளில் படத்தை இறக்கி வைத்தால் தெருவரைபடம்தான் இறங்கும், சற்றலைற் படம் இறங்காது. சிக்னல் இல்லாத இடத்தில் வெறும் நீலம். கரையில் நின்று ஸ்கிறீன்ஷொட் எடுத்துவைப்பதுதான் வழி. மற்றது, அந்தப் படம் எந்த ஆண்டுக்குரியது என்று இலகுவில் தெரியாது. கணினி இருப்பவர் கூகிள் ஏர்த்தில் பழைய ஆண்டுப் படங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்து மணல் எப்படி நகர்ந்தது என்று அறியலாம். ஐரோப்பிய சென்ரினல்-2 செய்மதியின் படங்களும் இலவசம். ஒரு புள்ளி 10 மீற்றர், ஆகவே வாய்க்கால் தெரியும், தடி தெரியாது. அது ஏறக்குறைய ஐந்து நாளுக்கு ஒருமுறை இதே இடத்தைக் கடப்பதால், முகில் இல்லாத மாதங்களில் போன கிழமைப் படத்தையே பார்க்கலாம்.

தடி என்றதும் ஒன்று சொல்லவேண்டும். எந்தச் செயலியிலும், காசு கட்டியதிலும் கட்டாததிலும், களங்கண்ணித் தடிகள் (கடலில் தடி ஊன்றிக் கட்டும் வலைப் பொறி) இல்லை. இந்தச் சில ஆண்டுகளில் தீவுப் பக்கமெல்லாம் முளைத்த கடலட்டைப் பண்ணைகளின் வேலியும் இல்லை. இருட்டில் படத்தை நம்பி நேர்கோட்டில் ஓடினால் யாருடைய பண்ணைக்குள்ளாவது ஏறி, விடிய விடிய நியாயம் பேசவேண்டி வரும். சிம்கோவிலும் கதை இதுதான். அங்கே எந்த ஆழப்படமும் பனிக்கட்டியின் தடிப்பைச் சொல்வதில்லை. நடப்பதற்கே 10 சென்ரிமீற்றர் தெளிந்த கட்டி வேண்டும் என்பது அங்கத்தைய பொது விதி. ஆழங்குறைந்த குக்ஸ் குடா முந்தி உறையும், ஆழமான கெம்பென்வெல்ற் பிந்தி உறையும். அதனால் நல்ல மீன் நிற்கிற ஆழக் கோடு சில வேளை நம்பமுடியாத கட்டிக்குக் கீழே இருக்கும். மருமகன் இரும்புக்கம்பி ஒன்றால் தட்டித் தட்டித்தான் நடக்கிறான். அவனுக்கும் தம்பிக்கும் கையில் ஒரு கம்பு இருக்கிறது என்று அக்காவுக்குச் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

சொந்தப் புள்ளி

போனை வைத்து எங்கள் ஆட்கள் செய்யக்கூடிய ஆகச் சிறந்த காரியம், மற்றவர் வரைந்த படத்தைப் பார்ப்பதைவிடத் தன்னுடைய புள்ளியைத் தானே குறிப்பதுதான். ஓஎஸ்எம்அண்ட், ஓர்கானிக் மாப்ஸ் என்ற வரைபடச் செயலிகள் இரண்டும் ஓபன்ஸ்ரீற்மாப் என்ற பொதுத் தரவில் ஓடுபவை. ஒருமுறை வீட்டில் இறக்கினால் பிறகு இணையம் தேவையில்லை. ஜிபிஎஸ்ஸுக்குச் சிக்னல் தேவை என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். நெடுந்தீவுக்கு மேற்கே கோபுரம் எட்டாத இடத்திலும் செய்மதி எட்டும். வானம் திறந்திருந்தால் சாதாரண போனில் ஐந்து மீற்றர் அளவு பிசகும், அவ்வளவுதான். வலையின் மிதப்பு அதைவிடக் கூடுதலாக ஆடும்.

வலை விட்ட தொடக்கம், முடிவு, கல் இருக்கிற இடம், வலை கிழிந்த இடம், சேறு தட்டிய இடம் என்று ஒரு வருடம் குறித்துவந்தால் உங்கள் கையில் இருப்பது எந்தக் கொம்பனியும் விற்கமுடியாத வரைபடம். முந்தியும் இதைத்தான் செய்தார்கள். பாசையூர் அந்தோனியார் கோயில் கோபுரத்தை ஒரு பனைக்கு நேரே வைத்து, இன்னொரு பக்கம் ஒரு வெளிச்சவீட்டையோ தண்ணீர்த்தாங்கியையோ வேறொன்றுக்கு நேரே வைத்து, இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் வலை விட்டார்கள். அப்பு இறந்தபோது அவரோடு நாற்பது இடமாவது போயிருக்கும். பனை வெட்டுப்பட்ட இடங்களில் உயிரோடு இருந்தவர்களும் இடத்தைத் தொலைத்தார்கள்.

இங்கே கண்ணி ஒன்று உண்டு. என் மேசையில் இதனால் நடந்த சண்டையே பார்த்திருக்கிறேன். இடத்தை எழுதிக் கொடுக்கும்போது 9°40.30′ என்பதும் 9°40′30″ என்பதும் வேறு வேறு. பாகையின் அறுபதில் ஒன்று கலை. முன்னது நாற்பது கலையும் ஒரு கலையின் நூறில் முப்பது பங்கும். பின்னது நாற்பது கலையும் முப்பது விநாடியும், அதாவது 40.50 கலை. இரண்டுக்கும் இடையில் 0.20 கலை. ஒரு கலை அகலாங்கு ஒரு கடல் மைல், 1852 மீற்றர். ஆகவே வித்தியாசம் 370 மீற்றர். ஒருவர் கையடக்கக் கருவியில் இருந்து வாசித்துச் சொல்ல, மற்றவர் போனில் விநாடியாக அடித்து, 370 மீற்றர் தள்ளி நின்று “என்ர வலையைக் களவெடுத்திட்டாங்கள்” என்று கத்திய கதை உண்டு. இரண்டு பேரும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவையுங்கள். கருவியில் டேற்றம், அதாவது இடத்தைக் கணக்கிடும் அடிப்படை அளவுமுறை, டபிள்யூஜிஎஸ் 84 என்று இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இன்னொன்று, அன்ட்ரொய்ட் போன்கள் பற்றரியை மிச்சம் பிடிக்கிறோம் என்று பின்னணியில் ஓடுகிற செயலியைக் கொன்றுவிடும். காலையில் வழிப்பதிவைத் தொடக்கி, திரையை அணைத்து, மத்தியானம் பார்த்தால் துறைமுகத்தில் இருந்து முந்நூறு மீற்றர்தான் பதிவாகியிருக்கும். அமைப்புக்குள் போய் அந்தச் செயலிக்கு மட்டும் பற்றரிக் கட்டுப்பாட்டை நீக்குங்கள். இதற்காகக் கடைக்கு வந்து எனக்குக் காசு தரவேண்டாம்.

போனா, கையடக்க ஜிபிஎஸ்ஸா?

போன் திருத்துகிறவன் இதைச் சொல்லக்கூடாது, ஆனாலும் சொல்கிறேன். கடலுக்குத் தினம் போகிறவர் தன் ஒரே போனை வரைபடமாகப் பாவிப்பது எனக்குத்தான் இலாபம்.

தண்ணீர் புகாது என்பதற்கு ஐபி68 என்று பெட்டியில் போட்டிருப்பது நல்ல தண்ணீரில் பரிசோதித்த கணக்கு. உப்புத் தண்ணீருக்கு அது பொறுப்பில்லை. சார்ஜ் குத்துகிற வாயில் ஒரு துளி உப்பு நின்று, அதற்கு மேல் பவர்பாங்கைக் குத்தினால் ஒரே நாளில் பச்சை பிடிக்கும். கிழமைக்கு நாலு வாய் மாற்றுகிறேன். ஈரக் கை பட்டால் திரை தானாக ஓடும், உப்புக் காய்ந்த விரலுக்கு அசையாது. சரி என்று பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டால் வெயில். அப்பிள் கொம்பனி தன் ஐபோனைப் பாவிக்கச் சொல்லும் வெப்பநிலை 0 முதல் 35 பாகை வரை. சித்திரை மாத மத்தியானத்தில், நிழலில்லாத வள்ளத்தில், உறைக்குள் எவ்வளவு வரும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். முதலில் திரை மங்கும், பிறகு ஆறும்வரை வேலைசெய்யமாட்டேன் என்று எழுதிக் காட்டும்.

மருமகனுக்கு இதே போன் மறுபக்கத்தால் சாகிறது. பூச்சியத்துக்குக் கீழே இருபது பாகையில் லிதியம் பற்றரி அறுபது வீதம் காட்டிக்கொண்டே அணைந்துவிடும். உடுப்புக்குள், நெஞ்சோடு அணைத்து வைத்திருந்து, பார்க்கிற நேரம் மட்டும் எடுத்து, கையுறையைப் பல்லால் கழற்றி, தடவி, திரும்ப உள்ளே வைக்கிறான். ஒரே கருவி ஓரிடத்தில் குளிருக்கும் மற்ற இடத்தில் வெயிலுக்கும் பயப்படுகிறது.

கையடக்க ஜிபிஎஸ் அழகில்லாதது, படம் மோசம், ஆனால் இந்த வேலைக்கென்றே செய்தது. கார்மின் ஈட்ரெக்ஸ் 10 இரண்டு பென்ரோச் (ஏஏ) பற்றரியில் இருபது மணி நேரம் ஓடும். பற்றரி நெடுந்தீவுக் கடையிலும் கிடைக்கும். பொத்தான் அமுக்குகிற கருவி, ஈரக் கையோ கையுறையோ அதற்குப் பொருட்டில்லை. ஆனால் விழுந்தால் தாழும், கயிறு கட்டுங்கள். மிதக்கிறதுதான் வேண்டும் என்றால் ஜிபிஎஸ்மாப் 78 வகை, விலை கூட. வெளிநாட்டில் இருந்து வருகிறவர்களிடம் பழசு கேளுங்கள். ஊரில் போனால் மூலையில் கிடக்கிற பொருள் இது.

ஆகவே என் கணக்கு இப்படி: கிழமைக்கு ஐந்து நாள் தொழில் செய்பவர் பழைய கையடக்கக் கருவி ஒன்றை வள்ளத்திலும், படத்தை வீட்டுப் போனிலும் வைத்திருப்பது நல்லது. புள்ளிகளைக் கேபிளால் ஜிபிஎக்ஸ் கோப்பாக (புள்ளிகளைச் சேமிக்கும் பொது வடிவம்) எடுத்து, வீட்டில் சற்றலைற் படத்தின் மேல் போட்டுப் பார்க்கலாம். சனி ஞாயிறு தூண்டில் போடப் போகிறவருக்குப் பழைய போன் ஒன்றும் நல்ல உறையும் போதும். சிம் போடாத பழைய போனிலும் ஜிபிஎஸ் வேலைசெய்யும்.

இந்திய-இலங்கைக் கடல் எல்லைக்குக் கிட்டப் போகிறவருக்கு மட்டும் ஒரு வார்த்தை கூடுதலாக. 1974 ஜூன் ஒப்பந்தம் பாக்குக் கடலில் எல்லையை ஆறு புள்ளிகளால் குறித்தது. முதலாவது 10°05.0′ வடக்கு, 80°03.0′ கிழக்கு. இரண்டாவது 9°57.0′, 79°35.0′. மூன்றாவது 9°40.15′, 79°22.60′. இவை கலையும் அதன் தசமமும், விநாடி இல்லை. மூன்றாவதை விநாடியாக அடித்தால் கருவியே ஏற்காது, அறுபது விநாடி என்று ஒன்று கிடையாது. 1976 மார்ச் ஒப்பந்தம் அந்தக் கோட்டைத் தெற்கே மன்னார்க் குடாவுக்கும் வடக்கே வங்காள விரிகுடாவுக்கும் நீட்டியது. ஈட்ரெக்ஸில் ஒரு புள்ளியை நெருங்கினால் சத்தம் போடும்படி வைக்கலாம். கோட்டுக்கு இந்தப் பக்கமாக, வசதியான தூரத்தில், நாலைந்து புள்ளியை நீங்களே வைத்து அவற்றுக்குச் சத்தம் வையுங்கள். போன் திடீரென்று இந்தியக் கோபுரத்தைப் பிடிப்பதை எல்லை அடையாளமாக நம்புகிற பழக்கம் சிலரிடம் உண்டு. காற்றும் வெப்பமும் சரியாக அமைந்தால் அந்தக் கோபுரம் கரைக்குப் பக்கத்திலேயே பிடிக்கும்.

தண்ணீருக்குக் கீழே பார்க்கிறது

இவ்வளவு நேரம் சொன்னவை எல்லாம் “எங்கே நிற்கிறேன்” என்பதற்கு. “கீழே என்ன” என்பதற்குச் சோனர்தான். பரவைக்கடலில் நண்டுவலை, இறால் வலை போடுகிறவருக்கு இது தேவையில்லை. மிகக் குறைந்த நீரில் சத்தம் அடித்தளத்துக்கும் மேற்பரப்புக்கும் இடையே மோதி மோதிக் குழம்பிவிடும். அங்கே கம்பை வெல்ல ஆளில்லை. வெளியே கல்லில், நாலு பாகத்துக்குக் கூடிய தண்ணீரில், தூண்டில் தொழில் செய்கிறவருக்குத்தான் பிஷ் பைண்டர்.

இதில் மலிவான நல்ல சாமான் கார்மின் ஸ்ரைக்கர் 4. உள்ளே ஜிபிஎஸ் உண்டு, வரைபடம் கிடையாது. உங்கள் புள்ளியை வெறும் திரையில் குறிக்கலாம். ஸ்ரைக்கர் பிளஸ் என்ற அடுத்த வகை நீங்கள் ஓட ஓட ஆழக் கோட்டைத் தானே வரைந்து சேமிக்கும், ஓர் அடிக்கு ஒரு கோடு. முதலில் கேட்ட கேள்விக்கு இது நேரான விடை: யார் அளந்தது? நீங்கள்தான். ஒரு கல்லைச் சுற்றி மெதுவாக உழுகிறமாதிரி பத்துத்தரம் ஓடினால் அந்தக் கல்லின் முழு உருவமும் கையில். மண்ணெண்ணெய்ச் செலவு ஒருநாள்தான்.

போனோடு வைஃபையில் சேர்கிற டீப்பர் என்ற பந்து ஒன்றும் இருக்கிறது. தூண்டில் நூலில் கட்டி எறியலாம், பனித்துளைக்குள்ளும் மிதக்கவிடலாம். பண்ணைப் பாலத்தில் பின்னேரம் நின்று தூண்டில் போடுகிறவருக்கு விளையாட்டுச் சாமானாக நல்லது. தொழிலுக்கு நான் சொல்லமாட்டேன். காட்டுகிற திரை மறுபடியும் போன்தான், போனின் வியாதி எல்லாம் கூடவே வரும். நூறு கிராம் அளவான பந்தை மெல்லிய நூலில் கட்டி வீசினால் ஒருநாள் அது மட்டும் தனியாகப் போகும்.

வேறொரு சின்னக் கணக்கும் உண்டு, பலர் யோசிப்பதில்லை. சோனர் நேரத்தை அளந்து, ஒலியின் வேகத்தால் பெருக்கி ஆழம் சொல்கிறது. உறையும் நிலைக்குக் கிட்டிய ஏரித் தண்ணீரில் ஒலி விநாடிக்கு 1,400 மீற்றருக்குச் சற்று மேல் ஓடும். நம்முடைய சூடான உப்புக் கடலில் 1,540 அளவு. அங்கே வாங்கிய கருவியில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர் என்று ஒரு தெரிவு இருக்கும். மாற்றாமல் விட்டால் ஆழத்திலும் படத்தின் தெளிவிலும் பிசகும். மாற்றுங்கள்.

இந்த ஸ்ரைக்கர் 4ஐ மருமகன் நாலு வருடமாகப் பனிக்கட்டியில் பாவிக்கிறான். கடைக்காரர் அதையே பை, பற்றரி, மிதவை எல்லாம் சேர்த்துப் பனிக்கட்டித் தூண்டில்காரருக்கு ஒரு பொதியாக விற்கிறார்கள். துளைக்குள் கேபிளில் தொங்கி நேர்கீழே பார்க்கிற மாதிரியான உணரி. இந்த மாரிக்குப் புதிது வாங்கப்போகிறானாம். ஆடி மாதம் நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது எனக்கு எந்தப் போன் கொண்டுவரட்டும் என்று கேட்டான். போன் வேண்டாம், அந்தப் பழைய பெட்டியைக் கொண்டுவா, பற்றரியை அங்கேயே விட்டுவிடு, விமானத்தில் வில்லங்கம் என்றேன். யூபிஎஸ்ஸுக்குள் இருக்கிற 12 வோல்ற், 7 ஆம்பியர்-மணி பற்றரி என் கடையிலேயே கிடக்கிறது, ஒரு நாள் தாராளமாகத் தாங்கும். உணரி ஓடுகிற வள்ளத்துக்கு ஏற்றதில்லை, ஆனால் கல்லின் மேல் நங்கூரம் போட்டு நிற்கிற வள்ளத்தின் பக்கத்தால் தொங்கவிட்டால் பனித்துளைக்குள் செய்த வேலையைத்தான் செய்யப்போகிறது. கம்பி கட்ட ஒரு தடி வேண்டும் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். வள்ளம் தள்ளுகிற கம்பில் கட்டலாமா என்று கேட்கிறான்.